பதினோரு இழுப்பு

1972-ஆம் வருடம் மே மாதம் முதல் வாரத்திலிருந்து தூத்துக்குடியில் ஒரு மோட்டார் சைக்கிள் மூச்சடக்க ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று அணைந்துவிடும். ஒரு நிமிடம் நாற்பது விநாடி அப்படியே நிற்கும். அதற்குள் யானையை விட்டு உதைக்கச் சொன்னாலும் பற்றாது. நேரம் முடிந்த பிறகு உதைத்தால் ஒரே உதையில் கிளம்பிவிடும். நிற்கிற நேரமெல்லாம் சைலன்ஸரிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து, பனைமர உயரத்துக்கு ஏறி உடையும். உடைந்த இடத்தில் பாசி வாசனை அடிக்கும். அந்த மே மாதம் வெயில் கடுமை, உப்பு நன்றாக விளைந்தது, மீன்பாடு சுமார்.

வண்டி முதலில் இஞ்ஞாசியுடையது. இஞ்ஞாசி சங்கு குளிக்கிறவன். வளையல் அறுக்கச் சங்கு வாங்க வந்த கல்கத்தா வியாபாரி ஒருவர் ஊர் திரும்பும்போது அந்தக் கறுப்பு வண்டியை அவனிடம் விட்டுவிட்டுப் போனார். பதிலுக்கு அவன் ஒரு வலம்புரியைக் கொடுத்தான் என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை, ஆகையால் அதை விடுங்கள். எட்டு மாதம் அவன் அந்த வண்டியில் மனைவி சலேத்தம்மாளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினான். பங்குச் சாமியார் வீட்டுக் குசினியில் சமைக்கிறவள் அவள்; வேலை முடிகிற நேரம் வாசலில் ஹாரன் கேட்கும். பிப்ரவரியில் அவன் கடலுக்குள் போனவன் போனவன்தான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்தே, குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் பிடித்திருப்பது அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான். அப்பனை நம்பமாட்டார்கள், அண்ணன் தம்பியை நம்பமாட்டார்கள், மச்சினனைத்தான் நம்புவார்கள். தன் அக்காள் தாலி அறுவதை எவன் பார்த்துக்கொண்டிருப்பான்? அடியில் இருப்பவன் கயிற்றை ஒருமுறை சுண்டி இழுத்தால், மேலே இருப்பவன் தூக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். இஞ்ஞாசிக்குக் கயிறு பிடித்தவன் சலேத்தம்மாளின் தம்பி சந்தியாகு.

அன்று காற்று அதிகம். காற்றடிக்கிற கடலில் பீடி பற்றவைக்க இரண்டு கையும் வேண்டும். மச்சான் ஒன்றரை நிமிடத்துக்குக் குறைந்து மேலே வந்ததே இல்லை என்கிற தைரியத்தில் சந்தியாகு கயிற்றை வள்ளத்தின் குறுக்குக்கட்டையில் சுற்றிவிட்டு, முதுகைத் திருப்பி, தீப்பெட்டியை எடுத்தான். ஐந்து குச்சிகள் அணைந்தன. ஆறாவது பற்றியது. பீடியை நாலு இழுப்பு இழுத்த பிறகு கயிற்றைப் பார்த்தான். அது அசையாமல் விறைத்து நின்றது. அதற்குப் பிறகு அவன் தூக்கிய வேகம் சாமானியமானதல்ல. பாறையில் மாட்டியிருந்த கயிறு பிய்த்துக்கொண்டு வந்தது, உள்ளங்கை இரண்டும் தோலுரிந்தது, இஞ்ஞாசியும் வந்தான். உயிர் மட்டும் வரவில்லை. வள்ளத்தில் இருந்த மற்றவர்களின் கண் அவரவர் கயிற்றில் இருந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை. சந்தியாகுவும் சொல்லவில்லை.

அந்தப் பாவி மகள், புருஷனை அடக்கம் செய்த அன்றைக்கே தம்பியின் கைகளை மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தடவினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே வார்த்தையைச் சொன்னாள்:

"கயிறு எந் தம்பி கையிலதான் இருந்திச்சு. அவன விட யாரு பிடிச்சிருவா? ஆண்டவர் சித்தம், நாம என்ன செய்ய?"

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் வண்டிச் சாவியை அவன் சட்டைப் பையில் போட்டாள். அவன் வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "வேற யாருக்குலே குடுப்பேன்?" என்று அழுதாள். மே மாதம் முதல் வண்டி மூச்சடக்கத் தொடங்கியது.

திரேஸ்புரம் போகிற வழியில் ஓலைக் கொட்டகை போட்டு மோட்டார் சைக்கிள் வேலை பார்த்துவந்தவர் காயல்பட்டினத்து மக்தூம். நிதானமான மனிதர், ஒரு நேரத்தில் ஒரு சந்தேகத்தைத்தான் தீர்ப்பார். முதலில் பிளக்கைக் கழற்றி உரசிப் போட்டார். வண்டி நின்றது. பாயிண்டைத் தேய்த்து இடைவெளி சரிசெய்தார். நின்றது. கண்டென்சரை மாற்றினார், காயிலை மாற்றினார், ஒயர்களையெல்லாம் புதிதாக இழுத்தார். நின்றது. கரண்டில் குறையில்லை என்று தெரிந்ததும் பெட்ரோல் பக்கம் வந்தார். டேங்க் மூடியில் காற்றுப் போகிற ஊசித் துளை அடைத்திருந்தால் வண்டி இப்படித்தான் ஓடி ஓடி நிற்கும். பார்த்தால் அது உப்பால் அடைத்திருந்தது. "இதாம்லே கள்ளன்" என்று சிரித்துக்கொண்டே குத்திவிட்டார். மறுநாளும் வண்டி நின்றது, துளையில் மறுபடியும் உப்பு இருந்தது. கார்புரேட்டரைத் திறந்தபோது மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோலுக்கு அடியில் கடல் தண்ணீரும், இரண்டு மணிச் சிப்பிகளும், உயிருள்ள ஒரு சின்ன இறாலும் இருந்தன. இறாலை அவர் கொட்டாங்கச்சியில் எடுத்துக்கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு வந்து, கிண்ணத்தைத் துடைத்து மாட்டினார்.

இப்படி மூன்று வருடம் போயிற்று. இதற்குள் புதுத் துறைமுகம் திறந்து, சந்தியாகு கடலை விட்டுவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தான். கீழே நின்று கை காட்டுவான், கிரேன் தூக்கும். வேலைக்குப் போகிற வழியில் வண்டி நிற்கும். பஸ் டிரைவர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு ஒதுங்கிப் போகப் பழகினார்கள். உப்பளத்து லாரிக்காரர்கள் குமிழிகளைப் பார்த்து, "தொரை முங்கிட்டாரு" என்று கேலி பேசிவிட்டுப் போவார்கள்.

மக்தூமை ஒரு விஷயம் அரித்துக்கொண்டே இருந்தது. அவர் தனியாக ஓட்டினால் வண்டி நிற்பதில்லை. ஆகவே 1975 ஜூலையில் ஒரு நாள் காலை, சந்தியாகுவை ஓட்டச் சொல்லி, கைக்கடிகாரத்தோடு பின்னால் ஏறிக்கொண்டார். மாப்பிள்ளையூரணி தாண்டும்போது வண்டி நின்றது. கேபிள் எங்காவது பிடிக்கிறதா என்று பார்க்க அவர் முன்னால் எட்டி, சந்தியாகுவின் கைமேல் கையை வைத்து கிளட்ச் லீவரைத் தொட்டார். லீவர் உள்ளிருந்து ஒருமுறை சுண்டி இழுத்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை இழுத்தது. மக்தூம் கையை எடுத்துவிட்டார். காயல்பட்டினத்துக்காரருக்குக் கடல் வழக்கம் தெரியாதா என்ன?

"இது எத்தன நாளா இழுக்கு?"

"மொதல் நாள்லேர்ந்து, பாய்."

"எங்கிட்ட ஏம்லே சொல்லல? மூணு வருசமா நான் பிளக்கைக் களத்திக்கிட்டு இருக்கேன்!"

சந்தியாகு ஹாண்டிலில் தலையைக் கவிழ்த்து அழுதான். பீடி, காற்று, குறுக்குக்கட்டை எல்லாம் அப்போதுதான் முதல்முறையாக ஒரு மனிதக் காதில் விழுந்தன. மக்தூம் வேப்பமரத்தடியில் அவனை உட்காரவைத்து, அவன் ஓயும்வரை காத்திருந்தார்.

"வண்டில கோளாறு இல்ல, தம்பி. எங்கன சொல்லணுமோ அங்கன போய்ச் சொல்லு. நான் இனிமே இதத் தொடமாட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சலேத்தம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது சந்தியாகு சொன்னான். அவள் அவனை ஏசுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றே நினைத்தான். அவள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள்.

"எத்தன தடவ இழுத்தாரு?"

"தெரியாதுக்கா. கயிறு எங் கையில இல்லியே."

"வண்டிய எடு."

புருஷன் செத்த பிறகு அவள் அந்த வண்டியில் ஏறியது அன்றுதான். கடற்கரைச் சாலையில் அது நின்றது. சலேத்தம்மாள் பின்னாலிருந்து கையை நீட்டி, தம்பியின் விரல்களை விலக்கிவிட்டு லீவரைப் பிடித்துக்கொண்டாள். முதல் இழுப்பு, இஞ்ஞாசி வழக்கமாகச் சுண்டுகிற இழுப்பு. மூன்றாவது பலமாக இருந்தது. ஐந்தும் ஆறும் அடுத்தடுத்து வந்தன. எட்டுக்குப் பிறகு தளர்ந்தது. கடைசி இழுப்பு, தூங்கப்போகிற பிள்ளை சேலையைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. குமிழிகள் நின்றன.

"பதினொண்ணு" என்றாள் சலேத்தம்மாள். இறங்கி வீட்டுக்கு நடந்தே போனாள்.

விஷயம் ஊருக்குள் கசிந்ததும், இனி அவன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அடுத்த ஞாயிறும் பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தாள், வண்டியில் ஏறினாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். இரண்டரை வருடத்துக்கு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. வண்டி நிற்கும், கையை நீட்டி லீவரைப் பிடிப்பாள், முடிந்ததும் "பதினொண்ணு" என்பாள். அந்த இரண்டரை வருடமும் அவள் தம்பியிடம் பேசிய ஒரே சொல் அதுதான். மன்னிப்பு என்றால் அவன் அதைக் கேட்கவுமில்லை, அவள் கொடுக்கவுமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நல்ல சேலை கட்டினாள், தலையில் பூ வைக்காத குறைதான். புருஷனுடைய கை அவளைத் தொடுகிற ஒரே இடம் அந்த லீவர்தானே! ஊரும் அதைப் புரிந்துகொண்டு, அந்த ஒரு நிமிடம் நாற்பது விநாடிக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தது.

1978-இல் இஞ்ஞாசியின் ஆண்டுப் பூசைக்கு அடுத்த ஞாயிறு, வண்டி வழக்கமான இடத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே நின்றது. முதல் இழுப்பு வந்தது. சலேத்தம்மாள் லீவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏலே சந்தியாகு" என்றாள்.

இரண்டரை வருடத்துக்குப் பிறகு அவள் வாயால் தன் பெயரைக் கேட்ட அவன் திரும்பிப் பார்த்தான்.

"எத்தன வருசம்லே அவர இழுக்க வச்சே பாத்துக்கிட்டிருப்போம்? நீ ஒரு நாளு செஞ்சே. நான் வாராவாரம்லா செய்யுதேன். தூக்குலே!"

சந்தியாகு இரண்டு கையாலும் லீவரைப் பிடித்து இழுத்தான். பத்துப் பாகம் ஆழத் தண்ணீரின் கனம் அதில் இருந்தது. உள்ளங்கையில் பழைய இடத்திலேயே தோலுரிந்தது, அவன் விடவில்லை. பிறகு ஏதோ ஒன்று தண்ணீரைப் பிளந்து மேலே வந்து வாய் நிறைய மூச்சு வாங்குகிற சத்தம், ரோட்டில் போன எல்லோருக்கும் கேட்டது. உதைக்காமலே வண்டி கிளம்பியது. சலேத்தம்மாளின் சேலை முதுகுப் பக்கம் நனைந்திருந்தது.

அதன் பிறகு வண்டி நிற்கவே இல்லை. அடுத்த ஞாயிறு கடற்கரைச் சாலை முழுக்கப் போனார்கள், நிற்கவில்லை. ஆத்தூர் வரை போய் வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாகத் திரும்பி வந்தார்கள்; அப்போதும் நிற்கவில்லை. எட்டாவது ஞாயிறு இருவரும் வண்டியை மக்தூமின் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள்.

"நிக்காம ஓடுது, பாய்" என்றான் சந்தியாகு. "கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்."

தொடமாட்டேன் என்று சொன்ன மக்தூம் மறுபேச்சுப் பேசாமல் ஸ்பானரை எடுத்தார். பிளக்கைக் கழற்றினார், நீலமாகப் பொறி வந்தது. பாயிண்ட் சரியாக இருந்தது. மூடித் துளையில் உப்பு இல்லை. கிண்ணத்தில் பெட்ரோலைத் தவிர வேறொன்றும் இல்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு அவர் சலேத்தம்மாளைப் பார்த்தார்.

"கோளாறு ஒண்ணுமில்லம்மா."

அவள் தலையாட்டினாள். கிரீஸ் படிந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஆறு வருடம் முன்பு அழ வேண்டியதை அழுதாள். சந்தியாகு இன்னும் புண் ஆறாத கைகளோடு பக்கத்தில் நின்றான். அழுது முடித்ததும் அவள் தம்பியின் கைகளைப் பார்த்துவிட்டு, தேங்காயெண்ணெய் இருக்கிறதா என்று மக்தூமிடம் கேட்டாள்.