மூக்கில் போன சொற்கள்

எழிலி பேசுவது இந்த உலகத்தில் ஒருத்திக்கு மட்டும்தான் புரியும். அது அவளைப் பெற்ற கனிமொழிக்கு.

மேலுதடும் உள்ளண்ணமும் பிளந்து பிறந்த குழந்தை அவள். உதட்டைக் கைக்குழந்தையாக இருந்தபோதே தைத்துவிட்டார்கள். அண்ணத்தைத் தைக்க எடை போதவில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். எடை எப்படி ஏறும்? கொடுத்த பாலில் பாதி மூக்கு வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிக் குழந்தைகளுக்குப் பாலூட்டவும் பேசவும் பயிற்சி கொடுக்கிற பிரிசில்லாதான், எழிலியை நிமிர்த்திப் பிடித்துச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தோரம் விடச் சொல்லிக்கொடுத்தாள்.

"கண்ணால பாக்காதீங்க, காதால கேளுங்க. முழுங்குற சத்தம் வந்தப்புறம்தான் அடுத்த வாய்" என்றாள்.

அப்படிக் கேட்டுக் கேட்டுக் கனிமொழியின் காது அந்தச் சின்னத் தொண்டைக்கென்றே பழகிப்போயிற்று. பேச்சு வந்தபோது அதுவும் மூக்கு வழியாகத்தான் வந்தது. வாயில் காற்று நிற்காததால் ப எல்லாம் ம ஆனது, த எல்லாம் ந ஆனது. தன் பெயரை மட்டும் 'எயிலி' என்று ஏறக்குறையச் சரியாகச் சொல்வாள். அப்பாவையும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு அம்மாவுக்கும் உள்ள வேறுபாடு கனிமொழிக்குத் தெரியும். தேவநாதனுக்குத் தெரியாது. பிள்ளை கூப்பிட்டால், "என்னியா, உன்னியா?" என்று மனைவியின் முகத்தைப் பார்ப்பான்.

தேவநாதன் சொந்தமாகக் குட்டியானை லோடு வண்டி ஓட்டினான். கிள்ளையிலிருந்து இறால் பெட்டிகளை ஏற்றிவந்து, வீடு இருக்கிற கடலூர் முதுநகரில் இறக்குவான். கார்த்திகை மழையில் ஒருநாள் கனிமொழிக்குக் காய்ச்சல். அதனால் எழிலியை அவனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். திரும்பும்போது கிள்ளையில் லோடு ஏற்றிக்கொண்டு, நன்றாக இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தான். வண்டியின் இடதுபக்க விளக்கு உடைந்திருந்தது.

"மாடு குறுக்க வந்துட்டுது. பாப்பா வழியெல்லாம் நல்ல தூக்கம்" என்றான். மழை பெய்துகொண்டிருந்தபோதே பக்கெட்டில் தண்ணீர் எடுத்துவந்து வண்டியைக் கழுவினான்.

உள்ளே கனிமொழி பிள்ளைக்கு ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எழிலி ஒரு வாய் விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"அம்மா நானாவ இணினிண்ணாயு."

கனிமொழி தட்டைக் கீழே வைத்தாள். வேறு யார் கேட்டாலும் அது முனகல். அவளுக்கு அது, அப்பா தாத்தாவை இடிச்சிட்டாரு.

"எந்தத் தாத்தா?"

சைக்கிள் தாத்தா என்றாள் எழிலி. தாத்தா பள்ளத்தில் படுத்துவிட்டார் என்றாள். எல்லாம் மூக்கால். அப்போது தேவநாதன் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்து, "என்னா சொல்றா எங்க பாப்பா?" என்று சிரித்தபடி கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்றா மாமா" என்றாள் கனிமொழி.

மறுநாள் ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். கிள்ளைச் சாலையோர வாய்க்காலில் சுப்புராயன் என்ற பெரியவரின் பிணம் கிடந்ததாம். பக்கத்தில் நெளிந்த சைக்கிளாம். இடித்த வண்டி எதுவென்று தெரியவில்லையாம்.

கனிமொழி புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணத்துக்கு ஆபரேஷன் செய்ய அப்போதுதான் நாள் குறித்திருந்தார்கள். அது முடியட்டும் என்று நினைத்தாள். முடிந்தது. தையல் ஆறட்டும் என்று நினைத்தாள். ஆறியது. ஒவ்வொரு நாளும் கேட்காமல் விட, அடுத்த நாள் கேட்பது இன்னும் முடியாமல் போயிற்று. தேவநாதன் கிள்ளை லோடை விட்டுவிட்டான். சிதம்பரம் போக வேண்டியிருந்தால்கூடக் குறிஞ்சிப்பாடி பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனான். திருவந்திபுரம் போய் மொட்டை போட்டுக்கொண்டான். பாப்பாவுக்குப் பேச்சு வர வேண்டுதல் என்று எல்லோரிடமும் சொன்னான். அவன் சொன்னது முழுப்பொய் என்றும் கனிமொழியால் நினைக்க முடியவில்லை. பிள்ளைமேல் அவனுக்கு உயிர்.

ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சுப் பயிற்சி தொடங்கியது. புதுசாக மூடிய அண்ணம் இருந்தும் நாக்குக்குப் பழைய வழிதான் தெரியும், ஒவ்வோர் எழுத்தாகத்தான் பழக்க வேண்டும் என்றாள் பிரிசில்லா. எழிலியின் மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ப சொல்லச் சொன்னாள். மூக்கில் காற்று கசிந்தால் கண்ணாடியில் ஆவி படியும். வீட்டிலும் தினம் செய்யச் சொன்னாள்.

தினமும் சாயங்காலம் அதைச் செய்தவன் தேவநாதன். வண்டியை நிறுத்திவிட்டு, கைகால் கழுவிவிட்டு, பிள்ளையை எதிரில் உட்கார வைத்துக்கொள்வான். "உதட்ட மூடு. காத்த உள்ளயே வச்சிக்க. இப்ப வுடு." மாசக்கணக்கில் இதே கதை. ஒருநாள் எழிலி கன்னம் உப்பச் சொன்னாள்:

"அப்பா."

தேவநாதன் அழுதுவிட்டான். தெருவில் இறங்கிப் போய்க் கண்டவர்களிடமெல்லாம் சொன்னான். "எம் பொண்ணு என்னியக் கூப்புட்டுச்சி!" அடுப்படியில் நின்ற கனிமொழிக்கு மட்டும் வேறு கணக்கு ஓடியது. மழை நாளில் பிள்ளை சொன்ன அந்த வாக்கியத்தின் முதல் சொல் வந்துவிட்டது. இனி த வரும். பிறகு ட வரும், ச வரும். அப்பனே ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், தனக்குத் தெரியாமலே.

சித்திரையில் த வந்தது, கூடவே ட வந்தது. அதற்கடுத்த முறை சிதம்பரம் போனபோது பிரிசில்லா கேட்டாள்.

"ஒரே கதையவே திரும்பத் திரும்பச் சொல்றாளே கனிமொழி. தாத்தான்றா, படுத்துட்டாருன்றா. என்னா கதை அது?"

"எங்க அப்பா மேடம். கால் ஒடஞ்சி படுத்திருக்காரு, அதச் சொல்றா" என்றாள் கனிமொழி. நாக்கு கொஞ்சங்கூடத் தடுக்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பிரிசில்லாவுக்குச் சந்தோஷம். "அப்ப அதையே வச்சிப் பழக்கலாம். புள்ளைக்கு எதச் சொல்லணும்னு ஆசையோ அதுலதான் சீக்கிரம் வாய் திருந்தும். வீட்லயும் அதையே சொல்ல வைங்க."

பஸ்ஸில் திரும்பும்போது எழிலி ஜன்னலைப் பார்த்தபடி மறுபடி ஆரம்பித்தாள். "அப்பா தாத்தாவ..." முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கனிமொழி பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, எது செய்யக்கூடாதோ அதைச் செய்தாள்.

"என்னா சொல்ற பாப்பா? அம்மாவுக்குப் புரியல."

எழிலி அவளை நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"புரியலியே" என்றாள் கனிமொழி.

அன்றிலிருந்து, தேவநாதன் வண்டிக்குப் போயிருந்த பகல்களில் அந்தக் கதையை எழிலி எப்போது எடுத்தாலும் கனிமொழிக்குப் புரியவில்லை. ச வந்ததும் பிள்ளை இன்னும் தெளிவாகச் சொன்னாள், கையைக் காட்டிச் சொன்னாள், தரையில் படுத்துக் காட்டினாள், ஒருநாள் ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி எறிந்தாள். பிறகு அந்தக் கதையை விட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் மற்றதையும் விட்டுவிட்டாள். பசித்தால் தட்டைக் காட்டுவாள், தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவாள். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா சொல்லும்மா, ஒருவாட்டி" என்று தேவநாதன் கெஞ்சினாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரிசில்லா வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். எழிலியை வெளியே விளையாடவிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"தையல் நல்லா இருக்கு. நாக்கும் நல்லாதான் போவுது. ஆனா இது பேசத் தெரியாத புள்ளையோட மௌனம் இல்ல. வீட்ல இவள யாராச்சும் அதட்டுறீங்களா?"

"இல்ல மேடம்."

"வாய் கோணலா வர்ற புள்ளைங்க ஊர் சிரிச்சாலும் பேசும். தன் பேச்சு புரிஞ்ச ஆள் ஒருத்தரு இருந்தாப் போதும். அந்த ஆளும் கைவிட்டுட்டாதான் வாய மூடும்."

கனிமொழி குனிந்துகொண்டாள். சொட்டுச் சொட்டாக ஊட்டி, காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டு, எந்தத் தொண்டையை உயிரோடு காப்பாற்றினாளோ அதைத் தானே நெரித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் சாயங்காலம் தேவநாதன் வழக்கம்போல் கண்ணாடியை எடுத்துவந்து உட்கார்ந்தான். கனிமொழி வாசற்கதவைச் சாத்தினாள். பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, அந்தத் தாத்தா கதையச் சொல்லு. அம்மாவுக்குப் புரியுது. முன்னாடியும் புரிஞ்சிது. அம்மா பொய் சொல்லிட்டேன்."

எழிலி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பன் பக்கம் திரும்பினாள். அவன் ஆவலாகக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே கொண்டுபோனான்.

"அப்பா தாத்தாவ இடிச்சிட்டாரு. தாத்தா பள்ளத்துல படுத்துட்டாரு."

ஓர் எழுத்துகூட மூக்கில் போகவில்லை. தேவநாதனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பிள்ளை ஒழுங்காகப் பேசிவிட்ட சந்தோஷம் இன்னும் இறங்கவில்லை. சொன்னது என்ன என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்குள் போயிற்று. கண்ணாடியைக் கீழே வைத்தான்.

"நீ தூங்கலியா?" என்றான்.

"இல்ல" என்றாள் எழிலி. "அப்பா எறங்கிப் போனாரு. தாத்தா கூப்புட்டாரு. அப்பா வந்துட்டாரு."

இது கனிமொழிக்கும் புதுசு. கூப்பிட்டாரா? செத்தே போயிருப்பார், அதனால்தான் இவர் ஓடிவந்திருப்பார் என்று இத்தனை மாசமும் அவள் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள்.

"மாமா, உசுரோடயா இருந்தாரு?"

"மழ சத்தம் கனி... காத்துன்னு நெனச்சிட்டேன்" என்றான். பிறகு, "இல்ல. கேட்டுச்சி" என்றான். "கேட்டுச்சி. புள்ள வண்டியில இருந்தா. ஆபரேஷன் இருந்துது. எங்காலு நிக்கல."

எழிலி எழுந்து போய் அவன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். அவன் அந்தக் கையை விலக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. விடிந்ததும் குளித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு, சுற்றாமல் கிள்ளைச் சாலை வழியாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். வண்டி அங்கேயே நின்றுவிட்டது. அவனை ரிமாண்டில் வைத்துப் பிறகு ஜாமீனில் விட்டார்கள். வழக்கு சிதம்பரம் கோர்ட்டில் நடக்கிறது. கனிமொழி இறால் உரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். பயிற்சியை மட்டும் நிறுத்தவில்லை. எழிலிக்கு இப்போது எல்லா எழுத்தும் வந்துவிட்டன, ஓயாமல் பேசுகிறாள்.

ஆவணியில் ஒரு வாய்தா நாளன்று பயிற்சியும் சேர்ந்து வந்தது. அதனால் பிள்ளையையும் கோர்ட்டுக்குக் கூட்டிவந்திருந்தாள் கனிமொழி. தேவநாதன் வக்கீலோடு உள்ளே போயிருந்தான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவள்முன் ஓர் அம்மாள் வந்து நின்றாள். சுப்புராயனின் மனைவி செல்லாயி.

"இந்தப் புள்ளதான் பாத்துச்சாமே?"

கனிமொழி எழுந்து நின்றாள். செல்லாயி அவளைப் பார்க்கவில்லை. எழிலியின் முன்னால் குந்தினாள்.

"எங்க ஊட்டுக்காரரு கூப்புட்டாராமே கண்ணு. என்னான்னு கூப்புட்டாரு?"

சின்னப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும் என்று சொல்லிவிடக் கனிமொழிக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. எழிலி அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு, தானாகவே சொன்னாள்.

"'தம்பி, தூக்கி வுடு'ன்னாரு."

"சத்தமாவா சொன்னாரு?"

"இல்ல. மெதுவா."

செல்லாயி தலையை ஆட்டினாள். "ஆமா. அவுருக்குச் சத்தமா பேச வராது" என்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அப்படியே குந்தியிருந்தாள். பிறகு எழிலி பக்கமிருந்து பார்வையை மெல்ல உயர்த்திக் கனிமொழியைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

இதுவரை போலீஸ் கேட்கவில்லை, வக்கீல் கேட்கவில்லை, தேவநாதன்கூடக் கேட்கவில்லை.

"அன்னைக்கே" என்றாள் கனிமொழி.

செல்லாயி முழங்காலில் கையூன்றி எழுந்தாள். வைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கனிமொழி காத்திருந்தாள். அவளோ வெயிலில் இறங்கிக் கோர்ட்டின் வெளிவாசலை நோக்கி நடந்தாள்.

"அந்தப் பாட்டி ஏன் போறாங்க? திரும்பி வருவாங்களா?" என்று கேட்டாள் எழிலி.

உள்ளேயிருந்து தேவநாதன் பெயரைக் கூப்பிட்டார்கள். கனிமொழி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.