ஒரு நெடில், இரண்டு குறில்

"கம்ப்யூட்டர் சுவிட்ச் ஆன்ல இருந்துதா, ஆஃப்ல இருந்துதா? நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா."

டாக்டர் அருணாச்சலம் மூன்றாவது முறையாகக் கேட்டார். ஷமீமா யோசித்தாள். யோசிக்க யோசிக்க, சுவரிலிருந்து ஒரு பிளக்கைப் பிடுங்கியது போலக் கையில் ஞாபகம் வந்தது. ஆனால் அது இன்றைக்குப் பிடுங்கியதா, தினமும் அந்த அறையைப் பெருக்கும்போது பிடுங்குவதா என்று பிரித்தெடுக்க முடியவில்லை.

"தெரியல சார்," என்றாள்.

கூடத்துக் கட்டிலில் அவள் கணவர் அப்துல் வஹாபைக் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அவருடைய அக்கா பீவி ஜான் தலைமாட்டில் உட்கார்ந்து, செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். தினமும் போல அன்றும் பத்து மணிக்கே கரண்ட் போயிருந்தது. பன்னிரண்டுக்குத்தான் வரும். அந்த வருடம், இரண்டாயிரத்தெட்டில், பொன்னேரி முழுக்க அப்படித்தான்.

வஹாபின் தம்பி யாசர் அவளைச் சமையலறை வாசலுக்கு அழைத்துப் போனான். கரண்ட் ஷாக் என்றால் டாக்டர் சர்டிபிகேட் தர மாட்டார், போலீசுக்குச் சொல்லணும், ஜி.எச்.சுக்குத் தூக்கிக்கொண்டு போய் அறுத்துப் பார்ப்பார்கள், நாளை மத்தியானம் வரை மய்யித்து கைக்கு வராது என்று தணிந்த குரலில் சொன்னான். சாயங்காலம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளிவாசலில் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

"ஆஃப்ல இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணி. அண்ணன அறுக்க உடுவீங்களா?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒருவேளை அந்தப் பெட்டிதான் அவரைக் கொன்றது என்றால், அதை ஒருவரும் இனி எப்போதும் தெரிந்துகொள்ள முடியாமல் போய்விடும். அவளும்தான்.

பக்கத்து வீட்டு அருணாதான் முதலில் ஓடி வந்தவள். ஷாக் என்ற சொல்லையும் அவள்தான் முதலில் சொன்னாள். அதில் தப்பில்லை. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை ஈரத்துணியால் துடைத்தால் விரல் நுனியில் சுர்ரென்று ஏறும் என்று ஷமீமாவே அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். எர்த் சரியில்லை, செருப்புப் போட்டுக்கொண்டு துடை என்று வஹாப் சிரிப்பார்.

அவருக்கு ஐம்பத்தோரு வயது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பித் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். பழவேற்காட்டில் அவர் வாப்பாவும் பெரிய வாப்பாவும் ஜவுளி வியாபாரம் பார்த்தார்கள். இவர் மட்டும் ரயில் பாஸ் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அதிகம் பேசாத மனிதர். இரண்டு வருடத்துக்கு முன்னால் திடீரென்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஒவ்வொரு சாமானாகப் பையில் வாங்கி வந்து, உள்ளறைத் தரையில் பாய் விரித்து, தானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினார். மகள் நாஜியாவின் காலேஜ் படிப்புக்கு என்றார். நாஜியா அதில் அமர்ந்தது குறைவு. சாயங்காலம் ஏழு மணிக்கு வஹாப் கதவை ஒருக்களித்துவிட்டு அதில் கிரிக்கெட் ஆடுவார். வாழ்க்கையில் ஒரு நாளும் மட்டையைத் தொட்டவரில்லை. உள்ளே இருந்து, "ஒரு ரன்னு போதும், ஓடாத, ஓடாத," என்று அவர் கெஞ்சுவது கேட்கும். ஷமீமாவுக்கு அது சிரிப்பாகவும் இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும். இருபத்து நான்கு வருடம் கூட இருந்த ஆளுக்குள் இது எங்கே இருந்தது?

புதிதாக வந்த ஆட்டத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் தாங்காது, கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று போன சனிக்கிழமை ஒன்றை வாங்கி வந்தார். அதைச் செருகியதிலிருந்து ஆரம்பித்தது வினை. பட்டனை அழுத்தினால் உள்ளே காற்றாடிகள் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், பெட்டி கத்தும். கழற்றினார், துடைத்தார், திரும்பச் செருகினார். ராத்திரிச் சாப்பாட்டில் அவளுக்கு விளக்கினார்.

"ஒரு நெடில், ரெண்டு குறில். பீ…, பி, பி. அப்படின்னா கார்டு எனக்கு ஆப்புடலன்னு அது சொல்லுது."

"அது பேசறது உங்களுக்குப் புரியுதே, அதுவே பெருசு," என்றாள் அவள்.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மோசஸிடம் இரண்டு முறை போய்க் கேட்டு வந்தார். இன்று புதன்கிழமை, வார லீவு. காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைக் கரிக்கிறது, கேஸ் போல என்றார். ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். பெட்டியைத் தூக்கினதில் இடது தோள் பிடித்துக்கொண்டது என்றார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தூசி பறக்கிறது என்று அறைக் காற்றாடியை அவரே நிறுத்தியிருந்ததால், புழுக்கம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்தவை வரிசையாக இல்லை. நாற்காலி இழுபட்ட சத்தம். தரையில் சிதறிய திருகாணிகள், அவற்றின் மேல் அவருடைய முழங்கை. அவள் அவரைத் தொட்டுப் புரட்டியது. அருணாவின் குரல். இவற்றில் எது முதல், எது அடுத்தது? கடைசியாக என்ன சொன்னார், கலிமா சொன்னாரா என்று பீவி ஜான் வந்ததும் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் ஷமீமா சொன்னாள். அப்படித்தான் நினைவிருந்தது.

கூடத்தில் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வஹாபுக்கு ஆறு வருடமாக பிரஷர் மாத்திரை எழுதித் தருபவர் அவர். ஹார்ட்டுதான் என்று தனக்கும் தோன்றுவதாகவும், ஆனால் கரண்ட் சாமானைத் திறந்து வைத்துக்கொண்டு விழுந்த ஆளுக்குத் தோன்றுவதை வைத்துக் கையெழுத்துப் போட முடியாது என்றும் யாசரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். செய்தி கேட்டு ஓடி வந்த மோசஸ், வாசற்படியைத் தாண்டாமல் நின்றிருந்தான். அவன் சொல்லிக்கொடுத்ததைத்தான் வஹாப் செய்துகொண்டிருந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அவனிடம் யாரும் பேசவில்லை.

அப்போது கரண்ட் வந்தது.

டியூப்லைட் இரண்டு தரம் சிமிட்டி எரிந்தது. கட்டிலுக்கு மேலே காற்றாடி சுற்ற, வெள்ளைத் துணியின் ஓரம் எழும்பியது. பீவி ஜான் அதைப் பிடித்துக்கொண்டார். அதே நேரம் சமையலறையில் மிக்ஸி தானாக அலறியது. எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அருணா ஓடிப்போய் அதை நிறுத்தினாள். அந்த அமைதியில், உள்ளறைப் பெட்டியின் காற்றாடிகள் சுற்றுவது கேட்டது. பிறகு ஒரே ஒரு சின்னச் சத்தம்.

பி.

வாசலில் மோசஸ் தலையை நிமிர்த்தினான்.

"ஆன்லதான் இருந்திருக்கு," என்றார் டாக்டர். யாசர் தலையில் கைவைத்துக்கொண்டான்.

ஷமீமா எழுந்து சமையலறைக்குப் போனாள். மிக்ஸி ஜாரைத் திறந்து பார்த்தாள். தேங்காய் பாதி அரைபட்டுத் திப்பிதிப்பியாக நின்றது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"மிக்ஸிய நான் நிறுத்தல சார்."

டாக்டர் புரியாமல் பார்த்தார்.

"அரைச்சிக்கினு இருந்தேன். பாதில கரண்ட் போச்சு. குமிழ திருப்பறதுக்குள்ள அவரு உள்ளருந்து கேட்டாரு. கரண்ட் போச்சான்னு."

"கரண்ட் போன அப்புறம் பேசினாரா? நல்லாத் தெரியுமா?"

"மிக்ஸி ஓடசொல்ல அவரு பேசினா என் காதுல உழாது சார். அது நின்ன அப்புறந்தான் கேட்டுச்சு. அதுக்கும் அப்புறந்தான் நாற்காலி சத்தம்."

டாக்டர் உள்ளறைக்குப் போய் வந்தார். அருணாவிடம், தெருவுக்கே எத்தனை மணிக்குக் கரண்ட் போனது என்று கேட்டார். காலையிலிருந்த வியர்வை, தோள்வலி எல்லாம் ஷமீமாவிடம் திரும்பக் கேட்டறிந்தார். கட்டிலருகில் குனிந்து வஹாபின் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, விரல்விரலாகப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து பேனாவை எடுத்தார்.

யாசர் அழ ஆரம்பித்தான்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. ஷார்ஜாவில் வேலை செய்யும் மகன் அத்னான், இன்றைக்கு எந்த விமானத்திலும் வந்து சேர முடியாது, காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். குளிப்பாட்டினார்கள். கஃபன் துணி சுற்றினார்கள். முகம் பார்க்கக் கூப்பிட்டபோது ஷமீமா போய்ப் பார்த்தாள். மூக்குத் தண்டில் கண்ணாடி அழுத்திய தடம் இன்னும் இருந்தது. அஸர் தொழுகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடம் பெண்களுக்கு என்று ஆனதால், நாலு மாசம் பத்து நாள் ஒதுங்கி இத்தா இருக்கிறவளுக்கு உள்ளறைதான் என்று பீவி ஜான் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தார். கம்ப்யூட்டர் இருக்கும் அறை. யாரோ அதற்குள் அதை அணைத்திருந்தார்கள். திருகாணிகளைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. நாஜியா வந்து, மோசஸ் அண்ணன் பெட்டியை மூடி வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்கிறார் என்றாள். ஷமீமா நகர்ந்து, இடையில் தொங்கிய துணித்திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவன் மண்டியிடுவதும், திறந்த பெட்டிக்குள் பார்ப்பதும் திரையின் ஓரமாகத் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தான்.

"புடிச்சிட்டாரு," என்றான் நாஜியாவிடம். "இந்தக் கார்டுக்குத் தனியா பவர் ஒயர் ஒன்னு குடுக்கணும். எனக்கே தோணல. நான் ஸ்லாட்ட மாத்து, மெமரிய கழட்டுன்னு இன்னாத்தையோ சொல்லிக்கினு இருந்தேன். பாய் தானா கண்டுபுடிச்சு சொருகிக்கிறாரு. மத்தியானம் ஒரு குறில்தான் வந்துச்சு, கேட்டீங்களா? அப்படின்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம்."

மானிட்டர் வயரைப் போட்டுப் படம் வருகிறதா என்று காட்டட்டுமா என்று அவன் கேட்டான். நாஜியா திருகாணிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் பக்கத் தகட்டை வைத்து, ஒவ்வொரு திருகாணியாக முடுக்கிவிட்டு எழுந்தான்.

ஷமீமா திரைக்குப் பின்னால் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வயரைச் சொருகிவிட்டுப் பட்டனை அழுத்தியிருக்கிறார். அழுத்தியதும் எல்லாம் நின்றுபோனது. தன் வேலை கெட்டதா, கரண்ட்தான் போனதா என்று அவருக்குத் தெரியவில்லை. காற்றாடியும் ஓடவில்லை, பகல் வெளிச்சம் வேறு. அதனால்தான் அவளைக் கேட்டார். அவள் பதில் சொன்னாளா?

சொல்லியிருப்பாள். கேட்டால் சொல்கிறவள்தான். ஆனால் மிக்ஸி நின்ற எரிச்சலில் மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டதும் உண்டு, பல நாள்.

நாஜியா போனைக் கொண்டு வந்து அவள் காதில் வைத்தாள். அத்னான்.

அவன் அழுது ஓய்ந்திருந்தான். அடக்கத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டான். மண் ஈரமாக இருந்ததா என்று கேட்டான். பழவேற்காட்டுச் சொந்தம் ஒவ்வொருவராக அவள் சொன்னாள்.

"வாப்பா கடைசியா உன்னாண்ட பேசினாராமே உம்மா. யாசர் சச்சா சொன்னாரு."

"ம்."

"நீ இன்னா சொன்ன?"

அவள் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினாள். அந்தப் பக்கம் யாரோ அரபியில் யாரையோ கூப்பிட்டார்கள். ஒரு வண்டி பின்னோக்கி வருகிற ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. அவனும் திரும்பக் கேட்கவில்லை. காலிங் கார்டில் நிமிஷம் தீர்ந்து லைன் அறுந்தது.

கும்மிடிப்பூண்டி ரயில் வந்துவிட்டிருந்தது. ஸ்டேஷனிலிருந்து திரும்பும் சைக்கிள்கள் சன்னலுக்கு வெளியே தெருவில் மணி அடித்துக்கொண்டு போயின. வஹாபின் கம்பெனியில் ஜெனரல் ஷிப்ட் முடித்த ஏழெட்டு பேர் தோளில் சாப்பாட்டுப் பையோடு எதிர்ச் சுவர் ஓரமாக வந்து நின்றார்கள். அடக்கம் முடிந்தது அவர்களுக்கு இப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வருவதா, இப்படியே போவதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் வயதானவர் கழுத்திலிருந்த கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி, கயிற்றை விரலில் மெதுவாகச் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.