பூட்டிய கடைக்கு வந்த ஆறு இலக்கம்

நாகலெட்சுமி ரியாத்தில் செத்து நாற்பத்தொரு நாள் கழித்துத்தான் பெட்டி வருவதென்று முடிவானது. நாலு வருடமாக அவளுக்கு அங்கே வீட்டுவேலை. மாரடைப்பு என்று கடிதம் வந்தது. முப்பத்தாறு வயதில் மாரடைப்பா என்று முதலில் கேட்டது பக்கத்து வீட்டுக்காரி நான்தான். பிறகு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயமே கேட்டது. மகள் சுலக்ஷனா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பதினாலு வயது. "அம்மா மூஞ்சிய ஒரு தடவ பாத்தாப் போதும்" என்றாள்.

விமான நிலையத்தில் இப்போது எல்லாம் இணையத்தில்தானாம். பிரேதப் பெட்டியை எடுப்பதற்கும் பதிய வேண்டும். பெட்டி இறங்கியதும் பதிந்த தொலைபேசிக்கு ஆறு இலக்கம் வரும்; அதை ஜன்னலில் சொன்னால்தான் தருவார்கள். புருஷன் சோலைமலை வட்டகொடைச் சந்தியில் நஜீம் நானாவின் கடையில் பதிந்தான். கொடுத்தது கடை நம்பர். இதில் அதிசயம் இல்லை. லயத்தில் சிக்னல் கிடையாது. பள்ளிக்கூடம், கிளினிக், நிவாரணம், எந்தப் படிவமானாலும் எங்கள் எல்லாருக்கும் அந்த ஒரே நம்பர்தான். செய்தி வந்தால் நானா அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிடுவார். யாருக்கு என்ன நோய் என்று நான் தெரிந்துகொள்வதும் அங்கேதான்.

பெட்டி வரும் அன்று விடிந்ததும் சோலைமலை தன் மச்சான் யோகேஸ்வரனோடு வேனில் விமான நிலையத்துக்குப் போய்விட்டான். லயத்தில் துக்கத்துக்கு வெள்ளைக்கொடி. நான் சீனி வாங்கப் போனால், நானா சாவகாசமாகப் போட்டோகாப்பி அடித்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பொறுக்குமா?

"என்னா நானா, பொணம் வர்ற அன்னிக்கும் யாவாரமா?"

"நான் என்னம்மா, ரேடியோவா போட்டிருக்கேன்?"

"மத்த கடையெல்லாம் சாத்தியாச்சுங்க. அவங்களுக்கு இருக்கிற மரியாத..."

இரண்டு கடைதான் சாத்தியிருந்தது. நானாவுக்கு முகம் சுண்டிவிட்டது. கடையைப் பூட்டிக்கொண்டு குழி வெட்டும் மேட்டுக்கே வந்து மண்வெட்டி பிடித்தார். கடை போன் உள்ளே மேசையின் இழுப்பு லாச்சிக்குள்.

மற்றதெல்லாம் யோகேஸ்வரன் சொன்னது. பதினொன்றரைக்குப் பெட்டி இறங்கியதாகத் திரையில் காட்டியது. ஜன்னலில் இலக்கம் கேட்டார்கள். சோலைமலை கடைக்கு அடித்தான்; மணி போய்க்கொண்டே இருந்தது. அடையாள அட்டை, மரணச் சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் காட்டினான்.

"எனக்கு விளங்குது. கம்ப்யூட்டருக்கு விளங்கலையே" என்று ஜன்னல்காரர் சிங்களத்தில் சொன்னாராம். பாவம், அவரும் மூன்று தடவை அனுப்பிப் பார்த்தார். மூன்றும் லாச்சிக்குள் காலாவதியாயின. இணையப் பக்கம் பூட்டிக்கொண்டது. இனி மறுநாள் பத்து மணிக்குத்தான். குளிரறையில் இடமில்லாமல் பெட்டி கொட்டகையில் கிடந்தது.

மறுநாள் நானா இலக்கத்தைப் படித்துச் சொல்லிப் பெட்டியை எடுத்து, மாலை வேன் அவர் கடை வாசலில் நின்றபோது, கதவைத் திறக்கும் முன்பே வாடை வந்தது. காத்திருந்த சுகாதாரப் பரிசோதகர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நேத்துன்னா மூஞ்சிப் பக்கம் மட்டும் தொறந்திருக்கலாம். இப்ப வேணாம். நேரா கொண்டு போங்க."

சோலைமலை வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். சுலக்ஷனா அழவில்லை. நானாவிடம் போனாள்.

"நானா, அந்தப் பக்கத்துல எங்கம்மா போட்டோ இருக்கா?"

நானா போனைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இறங்கிய நேரம், ஒப்படைத்த நேரம், எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. படம் இல்லை.

"அப்ப உள்ள இருக்கிறது எங்கம்மான்னு யாரு பாத்தாங்க?"



"மகளே, நான்தான் கடையச் சாத்தினேன்" என்றார் நானா. யார் சொல்லிச் சாத்தினார் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நானும் சொல்லவில்லை.

பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். யோகேஸ்வரன் சுலக்ஷனாவின் கையைப் பிடித்தான்.

"வா புள்ள, ஒரு பிடி மண்ணு போட்டுட்டு வந்துரலாம்."

"யாருன்னே தெரியாத ஆளுக்கு நா எதுக்கு மாமா மண்ணு போடணும்?"

கையை உருவிக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்தாள். பெட்டி தேயிலைக்குள் ஏறி மறைந்தது. அவள் எழவில்லை.