நேசையாவின் சாட்சி

"வாற வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்த உங்க வீட்டுல வச்சுக்கிடுவோம்க்கா. அண்ணாச்சி குடிய விட்டதுக்குச் சாட்சி சொல்லட்டும்," என்றார் உபதேசியார் ஜெய்சன்.

கிரேஸுக்குச் சுர்ரென்று ஏறியது. "எம் மாப்பிள்ள எங்க விட்டாரு தம்பி? கடைக்குப் போற வழி மறந்துட்டு. அம்புட்டுதான்."

"எப்படியோ கர்த்தர் மறக்கப் பண்ணிட்டாருல்லா?"

"அப்போ என்னையும் சேத்துல்லா மறக்கப் பண்ணியிருக்கணும்?"

வாசல் நாற்காலியில் இருந்த அவள் கணவர் நேசையா, சற்றுமுன் சாப்பிட்டதை மறந்து மறுபடியும் இட்லி கேட்டுக்கொண்டிருந்தார். சோறு இறங்காமல் பல வருஷம் குடி மட்டுமே இறங்கிய உடம்பு. சத்து வற்றி மூளையில் ஒரு பகுதி கெட்டுவிட்டது, ஊசி போட்டும் ஞாபகம் திரும்பவில்லை. "மறந்த இடத்த மூளை தானா ஒரு கதை கட்டி அடைச்சுக்கிடும். அவரு பொய் சொல்லலம்மா, நெசம்னு நம்பித்தான் சொல்லுதாரு. பழசு சிலது வேணா நிக்கலாம்," என்றிருந்தாள் டாக்டரம்மா.

அந்தப் 'பழசு சிலதை'ப் பிடித்துக்கொண்டுதான் கிரேஸ் கூட்டத்துக்குச் சம்மதித்தாள். மகள் ஸ்வீட்லினின் நிச்சயத்தன்று நடந்ததை அந்த வாய் ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், 'நான்தான் செய்தேன்' என்று சொல்ல வேண்டும். அப்புறம் எதை வேண்டுமானாலும் மறந்து தொலையட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாய் கொள்ளாத கூட்டம். நேசையா வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்றார்.

"இந்த வாயி ஒரு சொட்டு தொட்டதில்ல," என்று தொடங்கினார். ஜெய்சன் முகம் சுருங்கியது. "எம்மவ நிச்சயத்துக்குக் களக்காட்டுலேர்ந்து வாழைத்தார் இறக்குனேன். நானே எல போட்டு, நானே பரிமாறுனேன். 'இப்படியும் ஒரு தகப்பனா'ன்னு சம்பந்திமாரு கண்ணு கலங்கிட்டு."

பின்வரிசையில் ஒருத்தி, "ஸ்தோத்திரம்," என்றாள்.

கிரேஸ் எழுந்தாள். "எவட்டி அது ஸ்தோத்திரம் சொன்னவ? நீயும் அந்தப் பந்தியில இருந்தவதான?"

நேசையாவின் முன்னால் போய், கோணலாக ஒட்டிப்போன தன் இடது மணிக்கட்டை நீட்டினாள்.

"அன்னைக்கு ஒருத்தன் குடிச்சிட்டு வந்தான். எலையில கெடந்த சோத்த எட்டி உதைச்சான். சம்பந்தியம்மாவ வாய்க்கு வந்தபடி ஏசுனான். தடுக்கப் போன எங் கைய முறிச்சான். நிச்சயம் நின்னுபோச்சு. வள்ளியூருக்கு வேலைக்குப் போன எம்மவ இந்த வாசல மிதிக்கவே இல்ல."

நேசையா அந்தக் கையைப் பைய ஏந்திக்கொண்டார். "யாருட்டி அவன்? பேரச் சொல்லு. அவன் கைய முறிக்காம நான் சோறு திங்க மாட்டேன்."

"நேசையா."

"எம்பேர வச்சுக்கிட்டா இந்த வேல பாத்தான், எச்சக்கல நாயி!"

அவளைவிட அவர்தான் அதிகமாகக் கொதித்தார். அதுதான் கிரேஸுக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் மிச்சமிருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு அவள் பக்கமே வந்து நிற்கிறாரே இந்த மனுஷர்!

"முடிவு ஜெபம் பண்ணுவமா?" என்று ஜெய்சன் அவசரமாக வேதத்தை மூடினார்.

நேசையா குனிந்து பார்த்தார். "கையி என்னட்டி கோணியிருக்கு?"

"உக்காருங்க தம்பி," என்றாள் கிரேஸ் ஜெய்சனிடம். "ஜெபம் கெடக்கட்டும். அவரு கேக்காருல்லா, சொல்லுதேன். ஒரு ஆளு எந்திரிக்கப்பிடாது."

கணவர் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை தெருவுக்கே கேட்டது. "அன்னைக்கு நீருதான் குடிச்சிட்டு வந்தீரு..."