ஐந்தாம் பாட்டின் பெண்குரல்

அஃபானுக்கு ஹால்வர் ஸ்டென் பதில் எழுதிவிட்டார். ஒற்றை வரி அல்ல, நாலு வரி. அந்தச் செய்தி 'கோவை மெட்டல் குடும்பம்' வாட்ஸப் குழுவில் வந்து விழுந்தபோது ஸ்டீவ் தாம் வேலை பார்க்கும் பம்பு கம்பெனியின் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குமேல் தயிர்சாதம் இறங்கவில்லை.

ஹால்வர் ஸ்டென் நார்வேக்காரர். ஹெவி மெட்டல் கிட்டாரில் அவர் விரல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, வாசிப்பதை நிறுத்திக்கொண்டு மளிகைக்கடை வைத்தவர்கள் உண்டு என்று ஸ்டீவ் சொல்வார். கோயமுத்தூரில் அந்தப் பெயரை முதலில் உச்சரித்தவர் தாமே என்பது அவர் நம்பிக்கை. மறுப்பதற்கு அந்தக் காலத்து ஆட்கள் யாரும் மிச்சமில்லை. எல்லோரும் பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவதில் மும்முரமாகிவிட்டார்கள்.

ஸ்டென்னின் ஆல்பங்களைப் பற்றி ஸ்டீவுக்கு முடிந்த முடிவான அபிப்பிராயங்கள் இருந்தன. முதல் ஆல்பம், பையன் கற்றுக்கொள்கிறான். இரண்டாவது, விரல் ஓடுகிறது, மனசு ஓடவில்லை. மூன்றாவதான 'நைட் ஃபவுண்டரி' என்று வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். மனிதக் கை அந்த வேகத்தில் ஓடாது என்பார். அதிலும் ஐந்தாம் பாட்டில் ஒரு பெண் பாடுகிறாள். ஆல்பத்தில் அவள் பெயர் எங்கும் கிடையாது. ஸ்டென்னைக் காதலித்துவிட்டு விலகிப் போனவள் அவள். நாலாவது ஆல்பம் முழுக்க ஒரே சோகமாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஐந்தாவதிலிருந்து, ஆள் சாப்பாட்டுக்கு வாசிக்கிறார்.

இதையெல்லாம் குழுவில் பல வருடங்களாகப் பக்கம் பக்கமாக எழுதி வந்தார். படித்தவர்கள் "அப்படீங்களா ண்ணா" என்று போட்டுவிட்டுப் போனார்கள்.

அஃபான் குழுவில் சேர்ந்ததே போன வருடம்தான். உக்கடத்துப் பையன், பீளமேட்டில் கம்ப்யூட்டர் வேலை. அதைக்கூட மன்னித்துவிடலாம். அவனுக்கு கிட்டார் வாசிக்க வரும். ஸ்டீவைப் பொறுத்தவரை ரசிகன் வாசிக்கக் கூடாது, வாசித்தால் நடுநிலை போய்விடும். இருபத்தைந்து வருடங்களாகத் தம் நடுநிலையைக் காப்பாற்றி வைத்திருந்தார். அஃபானோ நாலாவது ஆல்பத்திலிருந்து ஒரு துண்டை வாசித்து இணையத்தில் ஏற்றி, கீழே தன் கருத்தையும் எழுதியிருந்தான். அதற்குத்தான் நாலு வரி. நாலாவது வரியில், உங்கள் ஊர் ரசிகர்களோடு வீடியோவில் அரைமணி நேரம் பேசலாமா என்று ஸ்டென் கேட்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை பீளமேட்டில் ஒரு காபிக் கடையின் மாடியில் எல்லோரும் கூடினார்கள். அஃபான் லேப்டாப்பைச் சுவர் டிவியோடு இணைத்துவிட்டு ஸ்டீவுக்கு முன்வரிசை நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"ஏனுங்ணா, மொதக் கேள்வி நீங்கதான் கேக்கோணும். மூத்தவங்க நீங்க. நான் ஏதோ டெக்னிக்கலா நாலு கேட்டுக்கறேன்."

ஸ்டீவுக்கு எரிந்தது. சொந்தச் சொத்திலிருந்து பங்கு கொடுக்கிறவன் பேசுகிற தோரணை அது. ஆனாலும் முதல் கேள்வி முதல் கேள்விதான். வாங்கிக்கொண்டார்.

திரையில் ஸ்டென் வந்தார். நரைத்த தாடி, கம்பளிச் சட்டை. ஸ்டீவ் எழுந்து நின்று, வாரம் முழுக்கக் குளியலறையில் ஒத்திகை பார்த்த ஆங்கிலத்தில் கேட்டார். 'நைட் ஃபவுண்டரி'யின் ஐந்தாம் பாட்டைப் பாடிய பெண் இப்போது எங்கே இருக்கிறார்? அவரை நீங்கள் மன்னித்துவிட்டீர்களா?

மாடியில் இருந்த அத்தனை பேரும் அவரவர் காபியைக் குனிந்து பார்த்தார்கள்.

ஹால்வர் ஸ்டென் கொங்கு நாட்டில் பிறந்தவரல்ல. அப்படி எந்தப் பெண்ணும் இல்லை, பாடியது நான்தான் என்று பட்டென்று சொல்லிவிட்டார். சந்தேகம் வரக்கூடாதென்று அந்தப் பாட்டின் ஒரு வரியைப் பாடியும் காட்டினார். கலவை மெஷினில் ஜல்லி உருளுகிற சத்தம்.

ஸ்டீவ் திரும்பிப் பக்கத்தில் இருந்த நேஹாவைப் பார்த்தார். கல்லூரியில் பாடம் நடத்துகிற பெண், பொய் சொல்ல மாட்டாள்.

"உனக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியுமுங்ணா. எல்லாருக்குமே தெரியுமுங்க."

"அப்பறம் ஏன் ஒருத்தர்கூடச் சொல்லல?"

"நீங்க அத்தன ஆசையாச் சொன்னீங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிங்ணா…"

வேறொருவராக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஸ்டீவ் தோள்பையைத் திறந்து ஒரு கேசட்டையும் பழைய வாக்மேனையும் அதில் மாட்டுகிற சின்ன ஸ்பீக்கரையும் எடுத்தார். ஆல்பத்தை எழுதியவரே ஆனாலும் ஆதாரம் முன்னால் நிற்க முடியுமா? டவுன்ஹாலில் ஐயாசாமி என்பவர் நடத்திய ரெக்கார்டிங் கடையில் காலேஜ் நாளில் பதிந்து வாங்கிய கேசட். போனில் கேட்கிறவன் ரசிகனே அல்ல என்ற கொள்கையால் 'நைட் ஃபவுண்டரி'யை அவர் வேறெந்த வடிவத்திலும் கேட்டதில்லை. பொத்தானை அழுத்தி, ஸ்பீக்கரை லேப்டாப்புக்கு நேரே பிடித்தார்.

கிட்டார் வெறிபிடித்து ஓடியது. அதன்மேல் மெல்லிய, துயரமான ஒரு பெண்குரல் எழுந்தது.

"டேப் ஸ்பீடா ஓடுதுங்ணா," என்றான் அஃபான் மெதுவாக. "பதிஞ்ச மெஷின் ஸ்லோவா ஓடியிருக்கும். இப்ப எல்லாமே வேகமா வருது. அதான் குரல் ஒல்லியாயிருச்சு."

திரையில் ஸ்டென் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்து, மனைவியைக் கூப்பிட்டு, இன்னொரு முறை போடு என்றார். இந்த வேகத்தில் நான் ஜென்மத்திலும் வாசித்ததில்லை, ஏழாவது பாட்டைப் போடு, இரண்டாவதைப் போடு என்றார். அரைமணி நேரமும் கேசட்டிலேயே கரைந்தது. அஃபானின் டெக்னிக்கல் கேள்விகள் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

இது பாராட்டா, பரிகாசமா என்று ஸ்டீவுக்கு ஒரு கணம் குழப்பமாக இருந்தது. அஃபானின் முகம் வாடியிருந்ததைப் பார்த்ததும் பாராட்டுதான் என்று தீர்மானித்துக்கொண்டார். காபி இனித்தது.

கடைசி நிமிடத்தில் ஸ்டென் அதைக் கெடுத்தார். "அஃபான், இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எனக்கு அனுப்பிவிடு."

அஃபான்! கேசட் யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை ஸ்டீவ் சர்ச்சிலிருந்து வந்து லுங்கிக்கு மாறியபோது அஃபான் ஒயரும் பெட்டியுமாக வாசலில் நின்றான். ஸ்டீவ் கதவை முக்கால்வாசிதான் திறந்தார்.

"டேப்பு ஈரம் பட்டுப்போச்சு கண்ணு. இப்ப ஓட்டினா அறுந்துரும்."

"அப்படீங்களா ண்ணா. காயட்டுமுங்க. உங்க பேர்லயே அனுப்பிர்றேன், என் பேரே வேண்டாமுங்க."

இதைவிடப் பெரிய அவமானத்தை அந்தப் பையனால் செய்திருக்க முடியாது. "பாப்போம்," என்று கதவைச் சாத்தினார் ஸ்டீவ்.

"ஏனுங்க, காலைல நல்லாத்தானுங்களே ஓடுச்சு?" அடுப்படியிலிருந்து ரெபேக்கா கேட்டாள்.

"நீ சும்மா இரு அம்மணி."

"கட்டிக்கிட்ட நாள்ல இருந்து அந்தப் பொம்பளைய நெனச்சு எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. என்னைக்காச்சும் நான் பாடி நீங்க கண்ண மூடிக் கேட்டிருக்கீங்களா? கடைசில அவ தாடி வெச்ச ஆளாம்! யாராச்சும் முன்னமே சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேனே."

ஸ்டென் எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம் ஸ்டீவுக்கு இன்னும் தீரவில்லை. சாப்பாட்டு மேசையில் டேப்ரிக்கார்டரை வைத்து ஐந்தாம் பாட்டை ஓடவிட்டு, பக்கத்தில் போனைச் சாய்த்துத் தம் கையாலேயே பதிந்தார். தம் பெயரிலேயே ஸ்டென்னுக்கு அனுப்பினார். அடியில், 'உங்கள் முதல் கோயமுத்தூர் ரசிகன்' என்று எழுதினார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஸ்டீவ் ஆபீசிலிருந்து அரைநாள் லீவு போட்டு, அதை வீட்டில் உட்கார்ந்து படித்தார். கேசட்டைப் பற்றி ஒரு வரி, சத்தம் தெளிவில்லை என்று. மீதிப் பத்தி முழுக்க வேறொன்றைப் பற்றி. நடுவில் மூன்று முறை சீறிக்கொண்டு எழுகிறதே, அந்த ஒலி என்ன வாத்தியம்? சரியான இடத்தில், சரியான சுருதியில், என்ன ஒரு துணிச்சல்! அடுத்த ஆல்பத்துக்கு அது வேண்டும். வாசித்தவர் யார்?

ஸ்டீவ் பதிவைப் போட்டுக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டன். ரெபேக்காவின் குக்கர் மூன்று விசில் விட்டிருந்தது.

"என்னங்க எழுதியிருக்காரு?" ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ரெபேக்கா வந்தாள்.

"நல்லா இருக்குதாம்."

"எதுங்க?"

"பொதுவா."

அவள் உள்ளே போகும்வரை காத்திருந்தார். பிறகு போனை எடுத்து ஸ்டென்னுக்குப் பதில் எழுதினார்: "வாசித்தது நான்தான்."