ஒன்பதாம் வகுப்போடு போனவர்கள்

பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியதும் நிவேதாவின் ஸ்கூட்டி வலது பக்கம் திரும்ப வேண்டும். அவள் வீடு பொம்மையார்பாளையத்தில், ஈசிஆரில் நேராகத் தெற்கே. ஆனால் மூன்று வாரமாக, செவ்வாயும் வியாழனும், அந்த வண்டி இடது பக்கம் திரும்பி உப்பளத்துக்குப் போகும் மண்பாதையில் இறங்குவதைப் பள்ளியை நடத்தும் அருள்மேரி மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழன் மதியம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"சாயங்காலம் நேரா வீட்டுக்குத்தானம்மா?"

"ஆமா மேடம். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

பொய். கணக்கு டீச்சர் கண் சிமிட்டாமல் பொய் சொன்னாள். அன்றைக்கும் வண்டி இடது பக்கம்தான் போனது.

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெஞ்சமினிடம் சொன்னாள். தம்பி மகன். எதையும் கெட்டதாகவே முதலில் யோசிப்பவன்.

"அத்தை, நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். போன மாசம் பழைய ஒன்பதாவது ரெஜிஸ்டர் கேட்டாங்க. எதுக்குன்னா சும்மான்னாங்க. ஜெராக்ஸ் ரூம்லயும் அடிக்கடி நிக்கிறாங்க. அனுமந்தை பக்கம் புது ஸ்கூல் கட்றாங்கல்ல, அங்க ஆள் புடிச்சிக் குடுக்கறாங்களோ என்னவோ."

அருள்மேரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. சர்ச் நடத்தும் பங்குப் பள்ளி வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய உப்புக் குடோனில் இருபத்து மூன்று பிள்ளைகளோடு அவள் தொடங்கிய இடம் இது. கல்யாணம் கூட வேண்டாமென்று விட்டாள். இன்று எழுநூறு பிள்ளைகள். கேட்டுக்கு மேலே பெரிய ஃப்ளெக்ஸ்: பத்தாம் வகுப்பில் பதினோரு ஆண்டுகளாக நூறு சதவீதத் தேர்ச்சி.

திங்கட்கிழமை காலை எல்லோரும் பிரேயரில் நிற்கும்போது, அறுபத்தொரு வயதில், அவள் ஸ்டாஃப் ரூமுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து நிவேதாவின் டிராயரைத் திறந்தாள். நீல அட்டை நோட்டு ஒன்று இருந்தது. முதல் பக்கத்தில் ஏழு பெயர்கள், ஊர், போன் நம்பர். சில பெயர்களுக்கு எதிரே, 'அப்பா கையெழுத்து வாங்கியாச்சு'.

ஏழு பெயரும் அவளுக்குத் தெரிந்தவை. மறுபடி ஒருமுறை படித்தாள்.

அந்த நூறு எப்படி வந்ததென்று வெளியே யாரும் கேட்டதில்லை. ஒன்பதாவது முடிந்ததும் தேறாது என்று தோன்றும் பிள்ளைகளின் பெற்றோரை அவளே கூப்பிடுவாள். தண்ணீர் கொடுப்பாள். "இங்க வச்சிருந்தா புள்ளைக்குத்தான் கஷ்டம். டிசி வாங்கிட்டு வேற எடத்துல சேத்துடுங்க" என்று நல்ல வார்த்தையில் சொல்வாள். அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். போன வருடம் அப்படிப் போனவர்கள்தான் இந்த ஏழு பேரும்.

புது ஸ்கூலுக்கு இவர்கள் எதற்கு? இது மனு. கலெக்டருக்கோ கல்வி அதிகாரிக்கோ கையெழுத்து சேர்க்கிறாள். நோட்டை இருந்தபடியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். பிரேயர் பாட்டு முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் பெஞ்சமினைக் காரை எடுக்கச் சொல்லி ஸ்கூட்டியின் பின்னால் போனாள். மழைக்காலம் முடிந்து உப்பளத்தில் பாத்தியைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். புயல் வந்தால் ஊர் ஒதுங்கும் மாடிக் கட்டடத்தின் அடியில் ஸ்கூட்டி நின்றிருந்தது. அருள்மேரி இறங்கியதும், முழங்கால் வரை சேறு காய்ந்த ஓர் ஆள் பாத்தியிலிருந்து வரப்பேறி வந்தார். ஏழு பேரில் ஒருத்தியான ஜெயப்ரியாவின் அப்பா, பாவாடை.

"இன்னா டீச்சரம்மா, இந்தப் பக்கம்?"

"மேல என்ன நடக்குது பாவாடை?"

"ஏன், இதையும் நிறுத்தணுமா?"

அவள் படியேறினாள். மேலே சுவரில் சாய்த்துவைத்த கரும்பலகையில் நிவேதா இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். தரையில் ஏழு பிள்ளைகள். ஆறு பேர் பழக்கத்தில் எழுந்து நின்றார்கள். ஜெயப்ரியா எழவில்லை.

நிவேதாவின் முகம் வெளிறியது. ஆனால் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

"கையெழுத்து எதுக்கு வாங்கின?"

தன் டிராயரை அவள் திறந்து பார்த்திருக்கிறாள் என்று நிவேதாவுக்கு அப்போது புரிந்தது. "பத்தாவது பரீட்சைக்கு மேடம். தனித்தேர்வர் அப்ளிகேஷன். வேற ஸ்கூல்ல மறுபடி ஒன்பதாவதுல உக்காருன்னாங்க. புள்ளைங்க வெட்கப்பட்டுப் படிப்ப நிறுத்திட்டாங்க. ரெண்டு பேரு மீன் கம்பெனிக்குப் போயிட்டிருந்தாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டு எடுத்துடுவீங்க."

எடுத்திருப்பாள். அது அருள்மேரிக்கே தெரியும்.

"கம்ப்ளெயின்ட் குடுக்கற யோசனை இல்லையா?"

"இருக்குது," என்றார் பின்னால் ஏறி வந்த பாவாடை. "நாங்க குடுக்கறோம்னுதான் சொன்னோம். டீச்சர்தான் பரீட்சை முடியட்டும்னாங்க."

காரில் திரும்பும்போது பெஞ்சமின் கேட்டான். "நாளைக்கே டீச்சர அனுப்பிடலாமா அத்தை?"

"வண்டிய ஓட்டு."

அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தன்மீதே சந்தேகம். சனிக்கிழமைகளில் பள்ளி லேபில் அவர்கள் அறிவியல் செய்முறை பழகலாம் என்று நிவேதாவிடம் சொன்னாள். மனம் இளகியா, மனுவுக்குப் பயந்தா, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாவாடைக்கும் அதே சந்தேகம்தான். ஆறு பேர் வந்தார்கள். ஜெயப்ரியாவை அவர் அனுப்பவில்லை. "அந்தக் கட்டடத்துக்குள்ள என் பொண்ணு வரமாட்டா"ன்னுட்டார் என்று நிவேதா வந்து சொன்னாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. ஏழில் ஐந்து பேர் தேறினார்கள், ஜெயப்ரியாவும்தான். அதே வாரம் பெஞ்சமின் ஒன்பதாம் வகுப்பில் ஒன்பது பேருக்கு டிசி தயார் செய்து கையெழுத்துக்குக் கொண்டுவந்தான். அருள்மேரி ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துக் கிழித்தாள்.

"அடுத்த வருஷம் ஃப்ளெக்ஸ்ல இன்னா போடுறது அத்தை?"

"என்ன வருதோ அத."

மனு வரவில்லை. வரும் என்று அவள் ஜூன் வரை காத்திருந்தாள். வந்தது பாவாடைதான். ஆறாம் வகுப்பில் சேர்க்கச் சின்ன மகள் சத்யப்ரியாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஜெயப்ரியாவும் கூட வந்திருந்தாள். முன்பு வரமாட்டாள் என்று சொன்ன அதே கட்டடம்.

"ஊருக்குப் பக்கத்துல இதான் இருக்குது, வேற வழியில்ல," என்றார், உட்காராமல். "ஆனா ஒன்னு டீச்சரம்மா. ஒன்பதாவதுல இவளுக்கு டிசி குடுத்து அனுப்ப மாட்டேன்னு எழுதிக் குடுங்க."

பெஞ்சமின் வாயைத் திறந்தான். அருள்மேரி கையைக் காட்டி நிறுத்தினாள். லெட்டர்பேடை இழுத்து நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து நீட்டினாள்.

பாவாடை அதைத் தான் வாங்கவில்லை. பெரிய மகளைப் பார்த்தார். ஜெயப்ரியா வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"தேதி போடலப்பா."

அருள்மேரி பேனாவை மறுபடி திறந்து தேதி போட்டாள்.