ஹவுஸ்போட்

எங்கள் ஊரில் இரண்டு பொருள்களை அருகருகே வைத்தால், விடிவதற்குள் அவை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடும். வலப்பக்கம் இருப்பதுதான் பொருள். இடப்பக்கம் இருப்பது, அது என்ன வகை என்று மட்டும் சொல்லும். அதனால் யாரும் எதையும் வீட்டுக்கு வலப்பக்கம் வைப்பதில்லை.

என் அக்கா பிலோமியின் கணவர் கஸ்பார் மச்சான், புதுப் படகு வாங்கிய சந்தோஷத்தில் இதை மறந்துவிட்டார். படகை வீட்டுக்கு வலப்பக்கம் நிறுத்திவிட்டு, அதன் பெருமையைப் பேச என் வீட்டுக்கு வந்தவர் அங்கேயே தூங்கிப்போனார். காலையில் நாங்கள் போனபோது, ஹவுஸ்போட் தெருவில் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. வீடு இப்போது வெறும் வகை. அக்கா ஜன்னலில் நின்றாள்.

"தம்பி, இது எங்க போகுது?"

"கடலுக்குக்கா."

"உங்க மச்சான்ட்ட சொல்லு."

இடைவெளி விட்டுப் பயனில்லை. ஐஸ் கிரீமுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, ஆனாலும் அது ஒன்றுதான். நடுவில் ஒரு அட்ஜெக்டிவ் நுழைந்தால் மட்டுமே பிரியும். முனைக் கடைக்கு ஓடினேன். 'நியூ', 'பிக்' எல்லாம் தீர்ந்துபோய், 'லீக்கி' ஒன்றுதான் இருந்தது. அட்ஜெக்டிவ் தனக்குப் பின்னால் வருவதோடுதான் ஒட்டும், அதாவது படகோடு.

மச்சான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ஓட்டைன்னுதான அர்த்தம், மாப்ள?"

"ஆமா மச்சான்."

"வேற இல்லியா?"

"சாயங்காலம்தான் சரக்கு வருமாம்."

அலை வாசற்படியை நனைத்தது. மச்சான் யோசித்தார். அவர் யோசிப்பதை அக்கா பார்த்தாள்.

"யோசிங்க, நல்லா யோசிங்க. நான் இங்கதான் இருக்கேன்."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு 'லீக்கி'யை நடுவில் செருகினார். வீடு ஈர மணலில் உட்கார்ந்தது. படகு கொஞ்ச தூரம் தனியாகப் போய், நீர் நிரம்பி, மூழ்கியது. மச்சான் தேம்பித் தேம்பி அழுதார். அக்கா இறங்கி வந்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அவ்வளவு நேரம் என்ன யோசனை?" என்று மட்டும் கேட்டாள்.

சேதி கேட்டு மத்தியானம் மச்சானின் அம்மா வந்தார். அக்காவுக்கு அவர் மதர்-இன்-லா. வந்த பதற்றத்தில் பன்மையாகியிருந்தார். அந்தச் சொல்லில் எஸ் கடைசியில் சேராது, மதரோடுதான் சேரும். ஆகவே அம்மா மூன்று பேர், சட்டம் ஒன்றுதான். மூவரும் வரிசையாக உட்கார்ந்து, மீன் குழம்பில் உப்புக் குறைவு என்றார்கள்.

அக்கா மூன்று தட்டிலும் உப்பு வைத்தாள்.